அண்ணாச்சி, ஜிப்ஸி எஞ்சினை ஜிப்ஸியிலேயே விட்டுவிடுங்கள்

நம் பகுதிப் பொறியாளர்கள் கொண்டுவந்த ஆண்டு மலரில் ராஜபாளையத்து அன்பர் ஒருவர் எழுதிய கட்டுரை இப்போது கைபேசி கைபேசியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை, அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது சுருக்கமாக இதுதான். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் கிட் விமானத்தை வீட்டிலேயே ரிவெட் அடித்துக் கட்டலாம். ஆனால் எஞ்சினுக்காக ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் கம்பெனிக்கும் அமெரிக்காவின் லைக்கமிங் கம்பெனிக்கும் பல லட்சம் அழுவது அடிமைப் புத்தி. பழைய மாருதி ஜிப்ஸி எஞ்சின் ஒன்றை வாங்கி, ராஜபாளையம் லேத் பட்டறையில் ஒரு கியர்பாக்ஸ் கடைந்து மாட்டினால் ஐந்தில் ஒரு பங்கு செலவில் பறக்கலாம். ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும், பெட்ரோல் எந்த பங்கிலும் கிடைக்கும்.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் சிரித்துவிட்டு ஆண்டாள் கோயில் பக்கம் போயிருப்பேன். கடைசிப் பத்தியில் கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் விமானப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ‘நீங்கள் செய்து காட்டுங்கள்’ என்கிறார். செய்யப்போவது அவரல்ல, பிள்ளைகள். உட்காரப்போவதும் அவரல்ல. இந்த எதிர்வினை அந்தக் கடைசிப் பத்திக்காக.

அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது, முதலில் அதைக் கொடுத்துவிடுகிறேன். லைக்கமிங் ஓ-235 எஞ்சின் 1940களின் பிள்ளை. இன்றும் மேக்னெட்டோவில்தான் தீப்பொறி. ஈயம் கலந்த பெட்ரோல் குடிக்கிறது. விலையோ கிட்டின் விலையோடு போட்டி போடும். எல்லாம் சரி. இதிலிருந்து ஜிப்ஸி எஞ்சின் பறக்கும் என்ற முடிவுக்கு எப்படிப் போனார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஜிப்ஸியின் 1298 சிசி எஞ்சின் 80 குதிரைத்திறன் தருகிறது, ரோட்டாக்ஸ் 912-இன் அடிப்படை ரகமும் 80தான் தருகிறது, ஆகவே இரண்டும் ஒன்று என்று ஒரு வரியில் கணக்கை முடித்துவிட்டார். ஜிப்ஸிக்கு அந்த 80 எப்போது கிடைக்கும்? நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது. 72 அங்குல புரொப்பல்லரை 2700 சுற்றில் சுழற்றினால் அதன் நுனி நொடிக்குச் சுமார் 258 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகம் 340. இந்த அளவோடு நின்றால் புரொப்பல்லர் காற்றைத் தள்ளும். அதே புரொப்பல்லரை 5500 சுற்றில் சுழற்றினால் நுனி 520 மீட்டரைத் தாண்டும். இழுவிசைக்குப் பதில் சத்தம்தான் கிடைக்கும். லைக்கமிங்கும் இன்னொரு அமெரிக்க விமான எஞ்சினான கான்டினென்டலும் 2700 சுற்றுப் பக்கத்திலேயே முழுச் சக்தியையும் தரும்படி வடிவமைக்கப்பட்டவை. கிராங்க்சாஃப்டின் மூக்கில் நேராகப் புரொப்பல்லரைப் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். ரோட்டாக்ஸ் 5800 சுற்று ஓடினாலும், 2.43-க்கு 1 என்று குறைக்கும் கியர்பாக்ஸும் அதிர்வை விழுங்கும் அமைப்பும் சேர்ந்தே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. ஜிப்ஸிக்கு இந்த வேலையைச் செய்ய அண்ணாச்சியிடம் இருப்பது ‘லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம்’ என்ற அரை வாக்கியம்.

அந்த அரை வாக்கியத்துக்குள்தான் ஆபத்து முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் சீராகத் தள்ளுவதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க்சாஃப்டை ஒரு முறை முறுக்கிவிடுகிறது. எதிர்முனையில் கனமான புரொப்பல்லர் தன் வேகத்தை விட மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தண்டும் பல்சக்கரமும் ஸ்பிரிங் மாதிரி முறுக்கேறி அவிழ்கின்றன. ஏதோ ஒரு சுற்று வேகத்தில் இந்த முறுக்கலும் அமைப்பின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போய்விட்டால் பல்லோ தண்டோ தெறிக்கும். பல்லை எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் இது தீராது. எந்த வேகத்தில் ஒத்துப்போகும் என்று அளந்து கண்டுபிடித்து அதைத் தவிர்க்கும் வேலை இது. ராஜபாளையத்தில் நூல் மில் நடத்துகிறவர்களுக்கு ஓடும் தண்டில் அதிர்வு என்ன செய்யும் என்று நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. பேரிங் கத்தினால் மெஷினை நிறுத்தி ஃபிட்டரைக் கூப்பிடுவார்கள். ஆயிரம் அடி உயரத்தில் எந்த ஃபிட்டர் வருவார்?

ரைட் சகோதரர்களை அண்ணாச்சி சாட்சிக்கு அழைத்திருக்கிறார். சைக்கிள் கடைக்காரர்கள் எஞ்சின் செய்யவில்லையா என்று கேட்கிறார். செய்தார்கள். ஏன் செய்தார்கள் என்பதையும் படித்திருக்கலாம். முதலில் அவர்கள் எஞ்சின் தயாரிப்பாளர்கள் பலருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். போதுமான எடை குறைவில், போதுமான சக்தியில் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகுதான் அவர்களுடைய மெக்கானிக் சார்லி டெய்லர் அலுமினிய வார்ப்பில் சுமார் 12 குதிரைத்திறன் எஞ்சினைப் புதிதாகவே செய்தார். அதாவது, கடையில் கிடைக்கும் எஞ்சின் விமானத்துக்கு ஆகாது என்ற முடிவுக்கு வந்தவர்கள் அண்ணாச்சியின் சாட்சிகளேதான்! இன்னொன்று: 1903 நவம்பரில் கிட்டி ஹாக்கில் அந்த எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது அதன் உதறலில் குழாய் வடிவப் புரொப்பல்லர் தண்டுகள் பழுதாயின. தங்கள் ஊரான டேட்டனுக்கு அனுப்பிச் சரிசெய்து மாட்டியும் மறுபடி விரிசல் விட்டது. கெட்டி எஃகில் புதிய தண்டு செய்துவர ஆர்வில் ரைட்டே ஊருக்கு ரயிலேறினார். திரும்பி வந்த பிறகுதான் டிசம்பர் 17-இன் முதல் பறத்தல். முறுக்கதிர்வு என்னும் வியாதி முதல் விமானம் பறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. ராஜபாளையத்தை மட்டும் அது தாண்டிப் போய்விடுமா?

மின்னசோட்டாவின் பெர்னார்ட் பீட்டன்போலையும் இழுத்திருக்கிறார். 1929-இல் ஃபோர்டு மாடல்-ஏ கார் எஞ்சினை வைத்துப் பறந்தவர் அவர். ஆமாம், பறந்தார். அந்த எஞ்சின் தன் 40 குதிரைத்திறனையும் 2200 சுற்றிலேயே கொடுத்துவிடும். கியர்பாக்ஸே தேவையில்லை. அன்றைய கார் எஞ்சின் மெதுவாக ஓடியதால் கிடைத்த வசதி அது. ஜிப்ஸியின் வேகத்தைப் பெருமையாகச் சொல்லும் அதே கட்டுரையில் மாடல்-ஏயை உதாரணமாகக் காட்டுவது, அண்ணாச்சி தன் வாதத்தைத் தானே வெட்டிக்கொள்வது.

கார் எஞ்சினை விமானத்துக்கு மாற்றிப் பார்த்த பெரிய ஆட்களையும் பார்ப்போம். போர்ஷே கம்பெனி தன் 911 காரின் எஞ்சினை எடுத்து, தன் சொந்தப் பொறியாளர்களைக் கொண்டு பிஎஃப்எம் 3200 என்ற விமான எஞ்சினாக்கியது. 1984-இல் சான்றிதழும் வாங்கியது. மூனி கம்பெனி அதை வைத்து விமானமே விற்றது. சில ஆண்டுகளில் போர்ஷே கையைக் கழுவியது. ஜெர்மனியின் தீலர்ட் நிறுவனம் மெர்சிடிஸ் காரின் டீசல் எஞ்சினை எடுத்தது. பறந்தது, நன்றாகவே பறந்தது. ஆனால் கியர்பாக்ஸை 300 மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்ற வேண்டியிருந்தது. 2008-இல் நிறுவனம் திவாலாகி, வாங்கியவர்கள் தெருவில் நின்றார்கள். எஞ்சினைப் பெற்ற போர்ஷேயே விட்டுவிட்டு ஓடிய வேலையை நான்காம் ஆண்டு மாணவனுக்கு ப்ராஜெக்டாகக் கொடுக்கிறார் அண்ணாச்சி.

சரி, கியர்பாக்ஸ் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது எஞ்சினின் வாழ்க்கைமுறை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஜிப்ஸிக்கு 20 குதிரைத்திறன்கூடத் தேவைப்படாது. முழுச் சக்தியையும் கேட்பது முந்திப்போகும் சில நொடிகளில் மட்டும். விமானத்தில் ஏறும்போது நூற்றுக்கு நூறு, பிறகு மணிக்கணக்கில் எழுபத்தைந்து விழுக்காடு. ‘என் ஜிப்ஸி இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியது’ என்ற அவருடைய ஆதாரம், மாடிப்படி ஏறாத ஆளின் ரத்த அழுத்தத்தை மலையேற்றத்துக்குச் சான்றாகக் காட்டுவது போன்றது.

தீப்பொறியைப் பார்ப்போம். ரோட்டாக்ஸிலும் லைக்கமிங்கிலும் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், இரண்டு தனித்தனி தீமூட்டும் அமைப்பு. லைக்கமிங்கின் மேக்னெட்டோவுக்கு பேட்டரியே வேண்டாம். அண்ணாச்சி கேலி செய்யும் அந்தப் பழைய தொழில்நுட்பம் இன்னும் இருப்பதற்குக் காரணம் அதுதான்: மின்சாரம் முழுக்கச் செத்தாலும் எஞ்சின் ஓடும். ஜிப்ஸியில் பிளக் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, எல்லாவற்றுக்கும் பேட்டரி ஒன்று. ஒரு சென்சார் தவறாகச் சொன்னால் பல கார் கம்ப்யூட்டர்கள் எஞ்சினைக் காப்பாற்றச் சக்தியைக் குறைத்துவிடும். சாலையில் அது புத்திசாலித்தனம், ஓரம் கட்டிவிடலாம். தென்னை மரங்களுக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சினைக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்?

அண்ணாச்சிக்கு இதற்கும் விடை இருக்கிறது. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் போடலாமாம். ஐஸ் பிடிக்கும் என்று வெள்ளைக்காரன் பயப்படுவான், நம்மூர் வெயிலில் ஐஸ் ஏது என்று சிரிக்கிறார். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் இருபது டிகிரிக்கும் மேல் இறங்கும். வெளியே 25 டிகிரி இருந்து காற்றில் ஈரமும் இருந்தால் உள்ளே உறையும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் ராஜபாளையத்து மேற்கு வானம் எப்படி இருக்கும் என்று அய்யனார் அருவிக்குப் போகிற எவரும் சொல்வார்கள். இறங்குவதற்காக த்ராட்டிலைக் குறைக்கும் நேரத்தில்தான் இது அதிகம் பிடிக்கும். சூடேற்றும் குழாய் வைக்காமல் கார்புரேட்டர் போடச் சொல்கிறவர் இந்தப் பாடத்தின் முதல் பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை.

வெயில் என்றதும் நினைவுக்கு வருகிறது, அதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ராஜபாளையம் கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு அடிக்குச் சற்று மேலே. மே மாதம் 38 டிகிரியில், விமானத்தின் பார்வையில் அது சுமார் 3400 அடி உயரத்து ஊர். காற்று அவ்வளவு நீர்த்துப்போயிருக்கும். டர்போ இல்லாத எந்த எஞ்சினும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சக்தியை அங்கேயே இழக்கும். புரொப்பல்லரும் இறக்கையும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் இழக்கும். அந்த நேரத்தில்தான் ரேடியேட்டருக்கும் அதிகக் காற்று வேண்டும். மெதுவாக ஏறும் விமானத்தில் அது கிடைக்காது. 80 குதிரை என்று அவர் எழுதியது ஜப்பான்காரன் சோதனைச் சாலையில் கட்டிப்போட்ட குதிரை.

‘எந்த பங்கிலும் பெட்ரோல்’ என்பதுதான் கட்டுரையிலேயே மிகவும் பொறுப்பற்ற வரி. இன்று நாடு முழுதும் பங்குகளில் ஊற்றுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். ரோட்டாக்ஸ் 912-க்கு அதன் தயாரிப்பாளர் அனுமதிப்பது 10 விழுக்காடு வரைதான். லைக்கமிங்குக்கு எத்தனாலே கூடாது. ஜிப்ஸி எஞ்சினோ இ20 என்ற பேச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே வரையப்பட்டது. அதன் ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் யார் உத்தரவாதம்? எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கிட் ஃபைபர் ரகமாக இருந்தால் டேங்கின் ரெசினையே சில சமயம் அரிக்கும். சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாமல் அடைப்பதும் உண்டு. இந்தத் தலைவலி ரோட்டாக்ஸ் வாங்குகிறவருக்கும் உண்டு, மறைக்கவில்லை. அவர் விமானப் பெட்ரோலைத் தேடி அலைய வேண்டும். இந்தியன் ஆயில் 2022-இலிருந்து வதோதராவில் அதைத் தயாரிக்கிறது. ஈயம் இருப்பதால் ரோட்டாக்ஸில் அடிக்கடி ஆயில் மாற்ற வேண்டும். எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் எரிபொருள் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதுதான் நம் பக்கத்தில் முதல் வேலை. அண்ணாச்சி அதைத் தன் வாதத்தின் கடைசி வரியாக வைத்து, அதையும் தப்பாக எழுதியிருக்கிறார்.

ஸ்பேர் பார்ட்ஸ் பற்றி ஒன்றுதான். ராஜபாளையத்தில் வேர்விட்ட ராம்கோ குழுமத்தின் சென்னை மென்பொருள் நிறுவனம் விமானப் பராமரிப்புக்கான மென்பொருளை வெளிநாடுகளுக்கு விற்கிறது. எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது கழற்றியாக வேண்டும் என்று கணக்கு வைப்பது அதன் அடிப்படை வேலை. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஜிப்ஸி எஞ்சினுக்கு அந்தக் கணக்கின் முதல் வரியை எப்படி எழுதுவது? மீட்டரை ஏற்கெனவே யாராவது திருப்பியிருப்பார்கள்.

இனி சுதேசிப் பெருமை. இதில்தான் அண்ணாச்சி குரலை உயர்த்துகிறார். பெங்களூரில் அரசின் தேசிய வான்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானம் 1993 நவம்பரில் முதலில் பறந்தது. சான்றிதழ் பெற்ற ஹன்சா-3-இன் எஞ்சின் ரோட்டாக்ஸ் 914. 2021 செப்டம்பரில் பறந்த புதிய ஹன்சாவின் எஞ்சின் ரோட்டாக்ஸ் 912. அதற்கும் முன்னால், 1958-இல் எச்ஏஎல் நிறுவனம் செய்த புஷ்பக் விமானத்தில் இருந்தது கான்டினென்டல் எஞ்சின். இந்த ஆய்வகத்திலும் எச்ஏஎல்லிலும் இருந்தவர்கள் எல்லாம் அடிமைப் புத்திக்காரர்களா? உடலை நாம் வடிவமைப்போம், எஞ்சினை நிரூபித்தவனிடம் வாங்குவோம் என்று முடிவெடுக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது.

அவர் கொண்டாடும் அசோக் தாமராட்சனையும் பார்த்துவிடுவோம். ஆலப்புழைக்காரர், இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் கிட் விமானம் கட்டி, மகளின் பெயரைச் சூட்டி, 2022-இல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றியவர். அவர் வேலை பார்த்தது ஃபோர்டு கார் கம்பெனியில். அவர் கட்டியது தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் டிஎஸ்ஐ. மாட்டியது ரோட்டாக்ஸ் 915! கார் எஞ்சின் எப்படிப்பட்டது என்று தினமும் பார்த்த பொறியாளர், தன் பிள்ளைகளை உட்காரவைக்கும்போது ஃபோர்டு எஞ்சினைத் தொடவில்லை. கட்டுரையில் அவர் படம் இருக்கிறது, இந்தத் தகவல் இல்லை.

இடுக்கியின் சஜி தாமஸ் கதை எனக்கும் பிடிக்கும். காதும் கேளாத, பேச்சும் வராத அந்த மனிதர் தன் கையால் கட்டிய இலகுவிமானம், நமக்குப் பக்கத்தில் அம்பாசமுத்திரம் மணிமுத்தாறில்தான் பறந்தது. அங்கே அவருக்குத் துணை நின்றவர் விமானப் படையில் விங் கமாண்டராக இருந்து ஓய்வுபெற்ற எஸ்.கே.ஜே. நாயர். கட்டியவரின் பிடிவாதத்தைப் பாடும் அண்ணாச்சி, பக்கத்தில் நின்ற அனுபவசாலியை விட்டுவிட்டார். மாணவர்கள் அந்த இரண்டாவது ஆளைத்தான் முதலில் தேட வேண்டும்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், விபத்துகளுக்கான முதன்மைக் காரணங்களாக வந்தவை இரண்டு: எஞ்சின் தொகுதி செயலிழப்பு, பறக்கும்போது கட்டுப்பாடு இழத்தல். விமானத்தின் தொடக்க காலத்துப் பறத்தல்களிலேயே விபத்து குவிந்திருந்தது. ஐந்நூறு அடியில் எஞ்சின் நின்றால் சின்ன விமானம் சறுக்கிச் செல்வது ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் அந்தத் தூரத்துக்குள் இருப்பவை தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கண்மாய், மின்கம்பி. மேற்கே போனால் மலை.

விமானத்துக்கென்றே பிறந்த எஞ்சினும் தப்புவதில்லை. ஆஸ்திரேலியாவின் ஜபிரு எஞ்சின்களில் பழுது பெருகியதால் 2014 டிசம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு அவற்றைப் பறக்கவிடுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பல நாடுகளில் பறந்துகொண்டிருந்த எஞ்சினுக்கே அந்த நிலை வந்தது. மணிக்கணக்கும் பழுதுக் கணக்கும் இருந்ததால்தான் அந்தக் குறை பிடிபட்டது. ஒன்றே ஒன்று செய்த எஞ்சினில் குறையைக் கண்டுபிடிப்பது ஓட்டுகிறவனின் உடல்.

அப்படியானால் எதைத்தான் மாட்டுவது? கிட் வடிவமைத்தவர் எந்த எஞ்சினுக்காக வரைந்தாரோ அதை. மூக்கின் எடை, மவுன்ட், குளிரூட்டல், புரொப்பல்லர் எல்லாம் அந்த எஞ்சினை வைத்து வரையப்பட்டவை. மூக்கில் பதினைந்து கிலோ கூடினால் விமானத்தின் சமநிலையே வேறு. இரண்டு இருக்கை விமானத்துக்கு, நம் வெயிலுக்கு, ரோட்டாக்ஸ் 912-இன் 100 குதிரைத்திறன் ரகம் என்பது என் தேர்வு. பெரிய கிட் என்றால் மணிக்கணக்கு ஒழுங்காக இருக்கும் பழைய லைக்கமிங். பணம் இல்லையென்றால் சேருங்கள். மும்பையில் வீட்டு மொட்டைமாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் 2011-இல் விண்ணப்பித்த பதிவு 2017-இல்தான் கையில் வந்தது. அரசு அலுவலகம் தரும் அந்த அவகாசத்தில் எஞ்சினுக்குப் பணம் சேர்த்துவிடலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் பால்கோவாவைத் தின்றுகொண்டு ராஜபாளையத்துக்காரன் வேலையைக் குறை சொல்கிறான் என்று அண்ணாச்சி பதில் எழுதக்கூடும். எழுதட்டும். அதற்கு முன் ஒரு வேலை செய்யட்டும். அமெரிக்க விதிப்படி ஒரு விமான எஞ்சின் சான்றிதழ் வாங்க 150 மணி நேரம் தாங்குதிறன் சோதனையில் ஓட வேண்டும். அண்ணாச்சி தன் தோப்பில் ஒரு கட்டை அடித்து, ஜிப்ஸி எஞ்சினை அவருடைய லேத் பட்டறை கியர்பாக்ஸோடும் உண்மையான புரொப்பல்லரோடும் அதில் பூட்டி, சித்திரை வெயிலில், பங்கு பெட்ரோலில் 150 மணி நேரம் ஓட்டட்டும். வெப்பம், ஆயில் அழுத்தம், சுற்று வேகம், எங்கே எது உடைந்தது என்ற குறிப்பு அத்தனையையும் அதே மலரில் அடுத்த ஆண்டு அச்சிடட்டும். ஓடி முடித்தால் நானே போய்ச் சால்வை போடுகிறேன். அதுவரை கிருஷ்ணன்கோவில் பிள்ளைகள் யாரும் அந்த எஞ்சினுக்குப் பின்னால் உட்கார வேண்டாம்.